மாவும் பொங்கவில்லை, முட்டியும் மடங்கவில்லை: டெல்டா வீட்டில் ஒரு மார்கழி

கேள்வி: வயது 46. மகள் கல்லூரி விடுதிக்குப் போனதும், தனியாக இருந்த மாமியாரைப் பார்த்துக்கொள்ள நானும் கணவரும் சென்னையை விட்டுக் கும்பகோணம் பக்கத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டுக்கு வந்துவிட்டோம். ஐப்பசி வரை ஒன்றும் தெரியவில்லை. மார்கழி பிறந்ததிலிருந்து மாவு பொங்குவதில்லை, தயிர் உறைவதில்லை, துணி காய்வதில்லை. காலையில் முட்டி மடங்கக் கால்மணி நேரம் ஆகிறது. நாலு மணிக்கே விழிப்பு வருகிறது. இரவில் ஃபேனுக்காகத் தினம் ஒரு சண்டை. ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான், ஆனால் சேர்ந்து வரும்போது அழுகையே வருகிறது. வாசலில் கோலம் போடுவதையாவது விட்டுவிட்டு ஸ்டிக்கர் ஒட்டிவிடலாமா?

பதில்:

எனக்கு 53 வயது. பாபநாசம் பக்கம் பிறந்து திருவையாற்றுப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். பள்ளியில் அறிவியல் ஆசிரியை. நீங்கள் எழுதியதில் ஒன்றுகூட என் வீட்டில் நடக்காதது இல்லை. அழுகை வருவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 46 வயதில், பழகாத வீட்டில், மகளும் பக்கத்தில் இல்லாதபோது, தயிர் உறையாதது கூட நெஞ்சை அடைக்கும்.

முதலில் இந்தக் குளிரைப் பற்றி. டெல்டாவில் மார்கழி, தை இரவுகளில் பெரும்பாலும் 20 முதல் 22 டிகிரி இருக்கும். ஊட்டிக்காரர் கேட்டால் இதையா குளிர் என்கிறீர்கள் என்பார். ஆனால் நம் வீடுகள் வெயிலுக்காகக் கட்டியவை. நடுவில் முற்றம், உயரமான ஓட்டுக்கூரை, சிமெண்டுத் தரை, மூட மறந்துபோன ஜன்னல்கள். சித்திரை வைகாசியில் இரவிலும் 27, 28 டிகிரி இருக்கிற வீட்டுக்கு ஆறேழு டிகிரி குறைவது பெரிய மாற்றம். அதோடு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை ஊறவைத்த மண், சுற்றிலும் தண்ணீர் கட்டிய சம்பா வயல், வாய்க்காலில் ஓடுகிற காவிரி. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல்தான் மூடுவார்கள், அதுவரை ஈரம் குறையாது. இந்த ஈரமும் அந்த ஆறேழு டிகிரியும் சேர்ந்துதான் வீட்டில் எல்லாவற்றையும் மெதுவாக்குகின்றன. எட்டு மணி நேரத்தில் ஆனது பதினான்கு மணி நேரம் கேட்கும். நாம் வைகாசிக் கணக்கை வைத்துக்கொண்டு மார்கழியை நடத்தப் பார்க்கிறோம், அங்கேதான் எரிச்சல் தொடங்குகிறது.

மாவைப் பொங்க வைப்பது லூக்கனோஸ்டாக் என்கிற பாக்டீரியா. அது உளுந்தோடேயே வருகிறது. 30 டிகிரியை ஒட்டிச் சுறுசுறுப்பாக இருக்கும், 21-ல் தூங்கி வழியும். சாயங்காலம் ஆறு மணிக்கு அரைத்துவிட்டுக் காலையில் இட்லி ஊற்ற நினைத்தால் கல்தான் கிடைக்கும். மதியம் ஒரு மணிக்கே அரைத்துவிடுங்கள். ஊறப்போடும்போது ஒரு ஸ்பூன் வெந்தயம் சேருங்கள், அரைக்கிற தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும், உப்பை மறுநாள் காலையில் போடுங்கள். என் மாமியார் மாவுப் பாத்திரத்தைப் பழைய வேட்டியில் சுற்றி அரிசி டின்னுக்குள் இறக்கிவிடுவார். கல்யாணமான முதல் மார்கழியில் நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். "இதுக்கும் குளிரும்ல, புள்ளயப் போத்துற மாரி போத்தி வையிம்மா" என்றார். அரிசி சூட்டை வெளியே விடாது என்பதை நான் அதற்கு முன்பே பலமுறை வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தேன், வீட்டில் செய்து பார்த்தது அவரால்தான். தயிருக்கும் அதே அரிசி டின். பாலை விரல் பொறுக்கிற சூட்டில் உறை ஊற்றுங்கள், வழக்கத்தைவிட உறைமோர் ஒரு ஸ்பூன் கூட.

உங்களிடம் வெப்பமானி இல்லையென்றால் தேங்காய் எண்ணெய்க் கிண்ணம் போதும். அது 24 டிகிரியை ஒட்டி உறையும். விடிகாலையில் எட்டிப் பாருங்கள். ஓரத்தில் மட்டும் பால் நிறத்தில் திரிந்திருந்தால் வழக்கப்படி செய்யலாம். அடிவரை வெள்ளையாக இறுகி, விரல் வைத்தால் பள்ளம் விழுந்தால், அன்றைக்கு எல்லா வேலையையும் இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள். நான் பல வருஷமாக இப்படித்தான் செய்கிறேன்.

அதே மெதுவான மாதம் நமக்குத் திருப்பிக் கொடுப்பதையும் சொல்ல வேண்டும். உறைந்த தயிர் மறுநாள் சாயங்காலம் வரை புளிக்காது. காலையில் வைத்த குழம்பு இரவுக்கும் அப்படியே இருக்கும். சென்னையில் வருஷம் முழுக்க ஃப்ரிட்ஜை நம்பியிருந்த உங்களுக்கு இதன் சுகம் இரண்டு வாரத்தில் தெரியும்.

துணிக்கு அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. காலை ஒன்பதுக்குள் துவைத்துவிட வேண்டும், கனமான போர்வையை வெயில் அடிக்கிற நாளுக்கு ஒதுக்க வேண்டும், தாழ்வாரக் கொடியில் நெருக்கிப் போடாமல் ஃபேன் காற்று படும்படி விட வேண்டும். துணியில் ஈர வாடை வந்துவிட்டால் அது கிருமி வேலை, மறுபடி அலசாமல் போகாது.

கதவு விஷயத்தை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பழைய வீட்டில் கதவுகள் இப்போது நிலையில் மாட்டிக்கொண்டு மூடாமல் இருக்கும். மரம் ஈரத்தைக் குடித்து உப்பியிருக்கிறது. ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லாதீர்கள். நான் ஒரு கார்த்திகையில் இழைக்கச் சொன்னேன், பங்குனியில் மரம் வற்றியதும் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி. இன்றைக்கும் அந்த வழியாகத்தான் பூரான் வருகிறது. உரசுகிற இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுங்கள், பிப்ரவரி வந்தால் தானாகச் சரியாகும்.

தரை வியர்ப்பதையும் கவனியுங்கள். நாலைந்து நாள் குளிர்ந்திருந்த தரைமேல் திடீரென்று வெதுவெதுப்பான ஈரக் காற்று பட்டால், ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே பூக்கிற மாதிரி தரையில் தண்ணீர் பூக்கும். வழவழ தரையில் வயதானவர் சறுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். குளியலறை வாசலில் ஒரு சாக்கு, இரவில் ஒரு சின்ன விளக்கு, மாமியார் காலுக்கு ரப்பர் செருப்பு. இன்றைக்கே செய்துவிடுங்கள்.

இனி அந்த ஃபேன் சண்டை. நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஃபேன் வேண்டும் என்று கேட்பவர் நீங்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் நாட்டில் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. அதற்குச் சில வருஷம் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் ஏறி இறங்கும். மூளையில் உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொள்கிற இடம் அப்போது பதற்றக்காரியாக மாறிவிடுகிறது. அரை டிகிரி கூடினாலே பெருஞ்சூடு என்று நினைத்து வியர்வையைத் திறந்துவிடும். மார்கழிக் குளிரில் நெஞ்சிலிருந்து கழுத்துவரை அனல் கிளம்பி, ரவிக்கை நனைந்து, ஐந்து நிமிஷத்தில் அதே ஈரத்தால் நடுங்குவோம். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு இது புரியாது. மாமியாருக்கோ நேர் எதிர். வயதாக ஆகச் சதை குறையும், உடம்பு உண்டாக்குகிற சூடும் குறையும், எலும்புவரை குளிரும். கணவருக்குக் குளிர் பெரிதில்லை, கொசுதான். ஒரே கூரைக்குக் கீழே மூன்று பேருக்கு மூன்று பருவம். யார் பக்கமும் பிடிவாதம் இல்லை.

எனக்கு 48-ல் அது உச்சத்தில் இருந்தது. ஒரு தை மாத இரவு, இரண்டு மணி இருக்கும். சொல்லாமல் எழுந்து திண்ணையில் போய் உட்கார்ந்தேன். தெருவிளக்கைச் சுற்றிப் பனி, பருத்தி பிரித்துவிட்ட மாதிரி. சிமெண்டுத் திண்ணையின் குளிர்ச்சி உள்ளங்கையில் ஏற ஏற உயிர் வந்தது. கொஞ்ச நேரத்தில் இவர் வந்தார். கையில் ஈரம் பிழிந்த துண்டு, தோளில் என் சால்வை. துண்டைக் கொடுத்தார், துடைத்து முடிக்கும்வரை நின்றார், சால்வையைப் போட்டுவிட்டு உள்ளே போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த இரவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஃபேன் சண்டை வந்ததில்லை. அதனால் முதலில் கணவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், நம் தலைமுறையில் பாதிப்பேர் சொல்வதே இல்லை.

ஏற்பாடு என்று பார்த்தால் மாமியாருக்குக் கொசுவலையும் காலுறையும், அவர் பக்கம் ஃபேன் வேண்டாம். உங்கள் கால்மாட்டில் ஒரு டேபிள் ஃபேன், குறைந்த வேகத்தில். கணவருக்கும் உங்களுக்கும் தனித்தனிப் போர்வை, அதில் உங்களுடையது மெல்லிய பருத்தி இரண்டு, ஒன்றை உதறிவிட வசதியாக. இரவுச் சாப்பாட்டில் காரத்தையும் ஏழு மணிக்கு மேல் காபியையும் குறைத்துப் பாருங்கள், பலருக்கு அது தூண்டிவிடும். வியர்வையோடு எடையும் குறைந்தாலோ, நெஞ்சு படபடப்பு விடாமல் இருந்தாலோ தைராய்டைப் பார்க்க வேண்டும். மாதவிடாய் மிகையாகப் போனாலும் வயசுக் கோளாறு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் போங்கள்.

முட்டிக்கு நீங்கள் சொன்ன கால்மணி நேரம் பயப்படுகிற கணக்கு இல்லை. மூட்டுத் தேய்மானத்தில் காலை இறுக்கம் பொதுவாக அரைமணிக்குள் விட்டுவிடும். ஒரு மணி நேரம் நீடித்தாலோ, விரல் மூட்டுகளும் வீங்கினாலோ அது முடக்குவாதமாக இருக்கலாம், தள்ளிப்போடக் கூடாது. கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன் படுத்தபடியே காலை நீட்டி, தொடையை இறுக்கிப் பத்து எண்ணி விடுங்கள், இரண்டு காலுக்கும் பத்துத் தடவை. தோளும் பிடிக்கிறதா, கை பின்னால் போகவில்லையா என்றும் கவனியுங்கள். உறைதோள் 40-லிருந்து 60-க்குள் வருவது, சர்க்கரை இருப்பவர்களுக்கு அதிகம். குளிரில் ரத்தக்குழாய் சுருங்குவதால் ரத்த அழுத்தமும் கொஞ்சம் ஏறும், மூவரும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

நாலு மணி விழிப்பை நான் தொந்தரவாக நினைத்த காலம் உண்டு. இப்போது வருஷத்தில் நான் மிகவும் ஆசைப்படுகிற நேரம் அதுதான். கோயிலில் ஒலிபெருக்கி போடுவதற்கு முன்னால் ஒரு அரைமணி இருக்கும். வீட்டில் யாருக்கும் எதுவும் வேண்டாத அரைமணி. பித்தளை ஃபில்டரில் வெறுமனே கொதிதண்ணீரை ஊற்றிக் கொட்டிவிட்டுப் பிறகு பொடியைப் போடுங்கள். குளிர்ந்த பித்தளை சூட்டை உறிஞ்சிவிட்டால் டிகாக்ஷன் சோம்பி இறங்கும், கசப்பாக மட்டும் இருக்கும். சுட்ட ஃபில்டரில் அது சொட்டுச் சொட்டாக அடித்தட்டில் விழுகிற சத்தம் அடுக்களை முழுக்கக் கேட்கும், அந்நேரத்தில் வேறு சத்தமே இல்லாததால். வெயில் காலத்தில் நாலு ஆற்று ஆற்றுவோம், மார்கழியில் நுரைக்காக ஒரே ஆற்று. டபராவின் சூடு விரல் கணுக்களில் இறங்கும்போது, இரவெல்லாம் மடங்காத விரல் ஒவ்வொன்றாக இளகுவது தெரியும்.

பொங்கல் முடிந்தும் ஏன் இன்னும் விடியவில்லை என்று என் மாமியார் வருஷா வருஷம் கேட்பார். அவர் சொல்வது சரிதான். பகல் மிகக் குறைவது டிசம்பர் 21, 22-ல் என்றாலும், நம் பக்கத்தில் சூரியன் மிகத் தாமதமாக உதிப்பது ஜனவரி கடைசியில், 6.35-ஐத் தாண்டி. சாயங்காலமோ நவம்பரிலிருந்தே நீண்டுகொண்டு வரும். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் சீராக இல்லாததும் அதன் அச்சு சாய்ந்திருப்பதும் சேர்ந்து செய்கிற வேலை இது. நடுவயதில் இருட்டு இன்னொரு வகையிலும் உறுத்தும். நாற்பதுக்கு மேல் கண் லென்ஸ் வளைய மறுப்பதால்தான் கிட்டத்து எழுத்து மங்குகிற வெள்ளெழுத்து. மங்கிய வெளிச்சத்தில் கண்மணி அகலமாக விரிய, எழுத்து இன்னும் கலங்கும். மேகம் மூடிய நாளில் அரிசியில் கல் பொறுக்க முடியவில்லையென்றால் கண் கெட்டுவிட்டதாகக் கவலைப்படாதீர்கள், ஒரு நல்ல விளக்கைக் கிட்டே இழுத்துக்கொள்ளுங்கள்.

கிட்டத்தில் பார்ப்பதுதான் போனது, தூரம் அப்படியே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மன்னார்குடி பக்கத்து வடுவூர் ஏரிக்குப் போய்வாருங்கள். 1999-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது, 2022-ல் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. வடக்கிலிருந்து வலசை வரும் வாத்துகள் இந்த மாதங்களில்தான் வரும். கண்ணாடியைப் பையில் போட்டுவிட்டு, கரையில் நின்று எதிர்க்கரைக் கூழைக்கடாவின் அலகு வரை பார்க்கலாம். நானும் இவரும் வருஷம் ஒருமுறை போகிறோம். மகன் வெளியூர் போன பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் போன முதல் இடம் அது. பஸ்ஸில் என்ன பேசுவது என்றுகூட அன்றைக்குத் தெரியவில்லை. இப்போது தெரியும்.

சாப்பாட்டுக்கு இதைவிட நல்ல காலம் நமக்கு இல்லை. நாட்டு அவரை பகல் குறைந்தால்தான் பூக்கும். ஆடியில் ஊன்றிய கொடி மாதக்கணக்கில் இலையாகவே படர்ந்துகொண்டிருந்து, இப்போது கொத்துக் கொத்தாகக் காய்க்கும். கூடவே மொச்சை, பிடிகருணை, சர்க்கரைவள்ளி, பரங்கி. திருவாதிரை அன்று களியும் ஏழுகறிக் குழம்பும் செய்யுங்கள். பச்சரிசியைச் சிவக்க வறுத்து ரவையாக உடைத்து, வறுத்த பாசிப்பருப்போடு வெல்லப்பாகில் கிளறி, தேங்காயும் நெய்யும் ஏலமும். இனிப்பும் காரமும் ஒரே வாயில் போகும். மாமியாரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பதம் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் கேளுங்கள்.

கோலத்துக்கு வருகிறேன். ஸ்டிக்கர் ஒட்டினால் யாரும் குறை சொல்லப் போவதில்லை, வலி பொறுக்க முடியாத நாளில் தாராளமாக விடலாம். ஆனால் ஒரேயடியாக நிறுத்த வேண்டாம் என்பது என் எண்ணம். குத்துக்கால் போட்டு உட்காருவதை மட்டும் விடுங்கள், முட்டியை அரைப்பது அதுதான். முக்காலடி உயரத்தில் ஒரு முக்காலி வாங்கிக்கொள்ளுங்கள். மார்கழி என்பதற்காகப் பதினைந்து புள்ளி வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஐந்து புள்ளிச் சிக்குக் கோலம் போதும். சாணி தெளித்தவுடன் போடாமல் பத்து நிமிஷம் விட்டால் மாவு கட்டி தட்டாது. கோலமாவு டப்பாவை இரவில் அடுப்பு மேடையில் வைத்தால் பனிக்கு நமுக்காது. படிக்கிற கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள், முக்காலியிலிருந்து தரை அதன் தூரத்தைத் தாண்டியது, போட்டால்தான் கலங்கும். பரங்கிப்பூ பறிக்கும்போது மெல்லிய நீளக் காம்பில் இருப்பதாகப் பாருங்கள், அது ஆண்பூ. அடியில் குட்டிப் பிஞ்சோடு இருப்பதைப் பறித்தால் ஒரு காய் போச்சு.

வெளிச்சம் வந்த பிறகு மாமியாருக்குத் திண்ணையில் ஒரு நாற்காலி போடுங்கள். என் மாமியாருக்கு 81 வயது. போன வாரம் நான் கடைசிக் கம்பியை வளைத்து முடித்து எழுந்தபோது, சால்வைக்குள்ளிருந்து கையை நீட்டி, "மூணாம் புள்ளிய வெளில விட்டுட்ட பாரு" என்றார். குனிந்து பார்த்தேன், விட்டுத்தான் இருந்தது. முக்காலியை மறுபடி இழுத்துப் போட்டு, அந்த மூலையை மட்டும் அழித்துப் போட்டேன்.